18 நாள் பாக்கி: எகிப்தில் ஒன்பது நாட்கள்

ஜனவரி 10, சனி. கெய்ரோ

தம்பி குவைத்திலிருந்து வந்தான், நான் சென்னையிலிருந்து போனேன். விமான நிலைய வாசலில் எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தான், கையில் எனக்காக ஒரு கம்பளிச் சால்வை. எகிப்து என்றால் வெயில் என்று எண்ணிப் பருத்திப் புடவைகளாகவே எடுத்துப் போயிருந்தேன். கெய்ரோவின் ஜனவரி விடியல் எலும்பைத் தொட்டது. ஒன்பது நாளில் ஒரே ஒரு பகல் தவிர அந்தச் சால்வை என் தோளை விட்டு இறங்கவில்லை.

இருபத்தாறு ஆண்டுகள் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தியவள் நான். எகிப்துப் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு முக்கோணம், அதன் அருகே வளைந்தோடும் ஓர் ஆறு, கீழே அரசர்களின் பெயர்கள். பிள்ளைகள் அந்தப் பெயர்களை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டுப் போவார்கள். ஓய்வு பெற்றதும் அந்தப் பெயர்களை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

முதல் சாப்பாடு தெருமுனை வண்டியில். இரவெல்லாம் வாய் குறுகிய பெரிய பானையில் வெந்து குழைந்த அவரை விதைக்கு ஃபூல் என்று பெயர். அதை எலுமிச்சை, சீரகத்தூள், எள் விழுது சேர்த்து மசித்துத் தருகிறார்கள். கூடவே அதே விதையை அரைத்துப் பொரித்த தாமியா. நம் பருப்பு வடைக்கு ஒன்றுவிட்ட சகோதரி, உள்ளே பச்சைப்பசேல் என்று கீரை மணம். இருவர் வயிறார உண்டதற்கு 90 பவுண்டு. பவுண்டை இங்கே கினே என்கிறார்கள். ஒரு கினே நம் இரண்டு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

தம்பி தனக்குத் தெரிந்த குவைத் அரபியில் இன்னொரு "குப்ஸ்" கேட்டான். வண்டிக்காரர் தவிட்டு நிற ரொட்டியை உயர்த்திக் காட்டி, "ஐஷ்!" என்று திருத்தினார். மற்ற அரபு நாடுகளில் ரொட்டிக்குக் குப்ஸ் என்று பெயர். எகிப்தியர்கள் ஐஷ் என்கிறார்கள். அந்தச் சொல்லின் வேர்ப்பொருள் வாழ்வு. "குவைத்தில் ஐஷ் என்றால் சோறு, அக்கா" என்றான் தம்பி. எதை உண்டு உயிர் தரிக்கிறார்களோ அதற்கு வாழ்வு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், இரண்டு ஊரிலும். வண்டிக்காரருக்கு இதைத் தம்பி விளக்கியதும் அவர் மகிழ்ந்துபோய் ஒரு ரொட்டிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பிற்பகல் தஹ்ரீர் சதுக்கத்து அருங்காட்சியகம். 1902-ல் திறந்த கட்டடம், உயரமான கண்ணாடிக் கூரை வழியே தூசு கலந்த வெளிச்சம். நார்மர் மன்னனின் கற்பலகை முன் நெடுநேரம் நின்றேன். கி.மு. 3100-ஐ ஒட்டிய காலம். ஒரு பக்கம் மேல் எகிப்தின் வெள்ளை மணிமுடி, மறு பக்கம் கீழ் எகிப்தின் சிவப்பு மணிமுடி. இரண்டு நாடுகளும் ஒருவன் தலையில் வந்து சேர்ந்ததைச் சொல்லும் கல். இதை எத்தனை முறை வாயால் சொல்லியிருப்பேன்!

அதைவிட என்னை நிறுத்தியது கூஃபுவின் தந்தச் சிலை. உயரம் 7.5 சென்டிமீட்டர். பெரிய பிரமிடைக் கட்டிய அரசனின் உருவம் என்று பெயரோடு முழுதாகக் கிடைத்திருப்பது உள்ளங்கையில் அடங்கும் இது ஒன்றுதான். 1903-ல் அபிதோஸில் ஆங்கில அகழ்வாய்வாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரியின் ஆட்கள் தோண்டியபோது தலையில்லாமல் கிடைத்தது. தலையைத் தேடி மூன்று வாரம் மண்ணைச் சலித்தார்களாம். சலித்த கைகளுக்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு. சக்காரா, தஹ்ஷூர்

காற்று. மணல் பல்லில் கடிபட்டது.

ஜோசர் மன்னனின் படிக்கட்டுப் பிரமிடு ஆறு அடுக்கு, சுமார் 60 மீட்டர். கி.மு. 2650 வாக்கில் அவருடைய அமைச்சர் இம்ஹோதெப் எழுப்பியது. அதற்கு முன் அரசர்களைச் செங்கல் மேடைக்குள் புதைத்தார்கள். இவர் கல்லால் ஒரு மேடை வைத்து, அதன்மேல் இன்னொன்று, இன்னொன்று என்று ஏற்றிக்கொண்டே போனார். கட்டுமானப் பொறியாளனான தம்பி அரை மணி நேரம் மதில் சுவரையே தடவிக்கொண்டிருந்தான். "கல்லை வைத்துச் செங்கல் கட்டுவது போலக் கட்டியிருக்கிறார்கள், அக்கா. பெரிய கல்லைக் கையாளும் துணிச்சல் இன்னும் வரவில்லை" என்றான். இருபத்தாறு ஆண்டுப் பாடத்தில் எனக்குத் தோன்றாதது.

நான் வந்தது அரசர்களைப் பார்க்க. ஆனால் சக்காராவில் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டவை அதிகாரிகளின் கல்லறைகள். ஐந்தாம் வம்சத்துத் தீ என்பவரின் கல்லறையில் ஒரு சிற்றறை முழுவதும் அடுக்களை: மாவு பிசைகிறார்கள், அச்சுப் பானைகளைச் சூடேற்றுகிறார்கள், ரொட்டி சுடுகிறார்கள், அதே ரொட்டியைக் கரைத்துப் பீர் வடிக்கிறார்கள். கையளவு உருவங்கள், ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது. இறந்தவருக்கு என்றென்றைக்கும் பசிக்கக் கூடாது என்பதற்காகச் செதுக்கிய சுவர் அது.

தேத்தி மன்னனின் அமைச்சர் மெரெருகாவின் கல்லறையில் 30-க்கும் மேற்பட்ட அறைகள். அங்கே ஒரு சுவரில், வரி கட்டாத ஊர்த்தலைவர்களை இழுத்து வருகிறார்கள். எழுத்தர்கள் மடியில் ஏடு விரித்துக் குந்தியிருக்கிறார்கள். ஒருவனைக் கம்பத்தோடு கட்டி அடிக்கிறார்கள். தீயின் அடுக்களைக்குக் கோதுமை எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை இந்தச் சுவரில் இருந்தது. இரண்டையும் ஒரே காலைப் பொழுதில் பார்க்கக் கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

தஹ்ஷூரில் ஸ்னெஃபெருவின் வளைந்த பிரமிடு. 54 பாகையில் ஏறிய சரிவு பாதியில் 43-க்குத் தாழ்ந்துவிடுகிறது. கட்டும்போதே விரிசல் கண்டு சரிவைக் குறைத்திருக்கிறார்கள். அதே அரசன் அடுத்ததாகக் கட்டிய சிவப்புப் பிரமிடில் தொடக்கத்திலிருந்தே தாழ்ந்த சரிவு, உயரம் 105 மீட்டர். அதற்குள் இறங்கினேன். முதுகை மடக்கிக்கொண்டு 60 மீட்டர் சரிவில் பின்னோக்கி இறங்க வேண்டும். உள்ளே நவச்சார நெடி. தலைக்கு மேலே கூம்பிக்கொண்டே போகும் கல் அடுக்கு. வெளியே ஏறி வந்தபோது தொடைகள் இரண்டும் மரக்கட்டை. வாசலில் இருந்த காவலர், எழுபது வயது இருக்கும், தன் முக்காலியை எனக்குத் தந்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தார். தேநீர்க் குவளையையும் நீட்டினார். பக்ஷீஷ் எதிர்பார்க்கிறார் என்று எண்ணிப் பையைத் திறந்தேன். நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்து மறுத்துவிட்டார்.

ஜனவரி 12, திங்கள். கீஸா

இது எனக்குக் கடினமான நாள். குதிரைக்காரர்களும் ஒட்டகக்காரர்களும் ஒரு நிமிடம் நின்று பார்க்க விடவில்லை. ஒருவர் என் சால்வையைப் பற்றி இழுத்தார். தம்பி சத்தம் போட்டான். ஆயுள் முழுக்கக் காத்திருந்த காட்சியின் முன் கோபத்தோடு நிற்க நேர்ந்தது இன்னும் வருத்தம் தருகிறது.

பெரிய பிரமிடின் எண்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: சுமார் 23 லட்சம் கற்கள், முதலில் 146 மீட்டர், இப்போது 138. அந்தக் கற்களில் சிலவற்றின் கதை 2013-ல் கிடைத்தது. செங்கடல் ஓரம் வாடி அல் ஜர்ஃப் என்ற பழைய துறையில் பியர் தாலே என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு பாப்பிரஸ் ஏடுகளைக் கண்டெடுத்தது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையவை. மெரேர் என்ற படகுக் குழுத் தலைவனின் நாட்குறிப்பு அது. தூராவில் சுண்ணாம்புக் கல் ஏற்றியது, இரவு எங்கே தங்கியது, மறுநாள் கீஸாவுக்கு வந்து சேர்ந்தது என்று நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறான். பெருமை பேசும் வரி ஒன்றுகூட இல்லை. கூடவே கிடைத்த ஏடுகள் உணவுக் கணக்கு: எத்தனை பேருக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு ரொட்டி வந்தது, எவ்வளவு வரவேண்டும் என்று.

மாலையில் பிரமிடுகளுக்குத் தெற்கே, தொழிலாளர்களின் இடுகாடு இருக்கும் மேட்டைத் தூரத்திலிருந்து பார்த்தோம். செங்கல்லும் உதிரிக் கல்லும் கொண்ட சின்னச் சின்னக் கல்லறைகள். 1990-ல் ஒரு குதிரையின் கால் இடறியதில் தெரியவந்த இடம். காலையில் குதிரைக்காரர்கள்மீது வந்த கோபம் அங்கேதான் தணிந்தது.

ஜனவரி 13, செவ்வாய். கெய்ரோ

ஃபுஸ்தாத் பகுதியில் உள்ள நாகரிக அருங்காட்சியகத்தில் அரசர்களின் உடல்கள். 2021 ஏப்ரல் 3 அன்று 18 அரசர்களையும் 4 அரசிகளையும் தஹ்ரீரிலிருந்து ஊர்வலமாக இங்கே கொண்டுவந்தார்கள். நிலவறைபோல் இருட்டிய கூடங்கள், படம் எடுக்கக் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று பேச்சை விழுங்கிக்கொண்டு எங்களைக் கடந்து போனது.

இரண்டாம் ராம்செஸ் 66 ஆண்டுகள் ஆண்டு, தொண்ணூறை ஒட்டிய வயதில் இறந்தவர். கழுகு மூக்கு. அந்த மூக்கின் துளைகளில் மிளகு அடைத்துப் பதப்படுத்தியிருந்தார்கள் என்பது அவரது உடலை 1976-ல் பாரிசுக்குக் கொண்டுபோய் ஆராய்ந்ததில் தெரியவந்தது. மிளகு விளைந்த நிலம் நம் மேற்குமலைச் சரிவு. அவர் இறந்தது கி.மு. 1213-ல். எந்தக் கை பறித்து, எத்தனை கை மாறி, அந்தக் கடுகளவு காரம் இங்கே வந்து சேர்ந்ததோ! கண்ணாடிப் பேழைக்கு இப்பால் நின்று அதை எண்ணும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

சில அடி தள்ளி மூன்றாம் ராம்செஸ். கழுத்தைத் துணி மூடியிருக்கிறது. 2012-ல் வெளியான ஸ்கேன் ஆய்வில், அந்தத் துணிக்கு அடியில் எலும்பு வரை ஆழ்ந்த வெட்டு இருப்பது தெரிந்தது. சொந்த அந்தப்புரத்திலேயே ஓர் அரசியும் அவள் மகனும் சேர்ந்து சதி செய்த வழக்கின் ஏடு முன்பே கிடைத்திருந்தது. வெட்டுக் காயத்துக்குள் ஹோரஸ் என்ற கடவுளின் கண் வடிவத் தாயத்து ஒன்றை வைத்து மூடியிருக்கிறார்கள். இந்த அரசர் லக்சரில் மீண்டும் நம் வழியில் வருவார்.

இரவு ரயில் ஏறும் முன் கொஷரி சாப்பிட்டோம். சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே பொரித்த வெங்காயமும் புளிப்பான தக்காளிச் சாறும். தட்டு 60 கினே. தம்பி இரண்டு தட்டு.

ஜனவரி 14, புதன். லக்சர்

அந்த இரண்டாவது தட்டோ, ரயிலின் குளிரோ, தம்பிக்கு வயிறு கெட்டுவிட்டது. நைலின் மேற்குக் கரையில் நாங்கள் தங்கிய வீட்டின் அம்மாள் அவன் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சீரகத்தைக் கொதிக்கவைத்து எலுமிச்சை பிழிந்து கொண்டுவந்தார். என் அம்மாவும் இதைத்தான் தந்திருப்பார், எலுமிச்சை மட்டும் இருக்காது. எனக்கும் அவருக்கும் பொதுவான சொல் ஒன்றுகூட இல்லை. சீரகத்தை முகர்ந்து காட்டி, வயிற்றைத் தொட்டுக் காட்டி, இருவரும் தலையாட்டிக்கொண்டோம்.

பகல் முழுவதும் அவன் தூங்க, நான் படகேறி கர்னாக் கோயிலுக்குத் தனியே போனேன். ஆளுக்கு 10 கினே. 134 தூண்கள் கொண்ட மண்டபத்தில் தொலைந்துபோவது எளிது. ஹத்ஷெப்சுத் அரசி நட்ட ஒற்றைக்கல் தூபியைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஏறக்குறைய 30 மீட்டர். அவள் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு அவளுடைய உருவத்தையும் பெயரையும் செதுக்கி அழித்த மூன்றாம் தூத்மோஸ், இதன் அடிப்பகுதியைச் சுவர் எழுப்பி மறைத்தான். அந்தச் சுவரே கல்லை வெயிலிலிருந்தும் கையிலிருந்தும் காத்தது.

ஜனவரி 15, வியாழன். அபிதோஸ்

இன்று பொங்கல். ஊரில் இந்நேரம் வாசலில் கரும்பு சாத்தியிருப்பார்கள். இங்கே கரும்பு வெட்டும் பருவம். வழியெல்லாம் டிராக்டர்களிலும் சிறிய சரக்கு ரயில்களிலும் கரும்புக் கட்டுகள். கடையோரம் நின்று இரண்டு குவளை கரும்புச் சாறு, 20 கினே வீதம். இஞ்சி இல்லை, பச்சைச் சாறு. "பொங்கலோ பொங்கல்" என்று தம்பி குவளையை உயர்த்தினான். கடைக்காரச் சிறுவன் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தான்.

160 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் என்று கிளம்பினோம். பாதி வழியில் ஓட்டுநர் பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தி, இறங்காமல் அப்படியே இருந்தார். கெய்ரோவில் இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்து எங்களிடம் முழுப்பணத்தையும் வாங்கியிருந்த முகவர், இவருக்குப் பெட்ரோல் செலவுகூட அனுப்பவில்லை. போன மாதம் ஓட்டிய வண்டிக்கும் இன்னும் காசு வரவில்லையாம். சொல்லவே கூச்சப்பட்டார். தம்பிதான் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டான். பெட்ரோலுக்கும் அவருடைய நாள் கூலிக்கும் நாங்கள் கொடுத்தோம். முகவரைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் போனது. வண்டி கிளம்பியதும் ஓட்டுநர் முன்பெட்டியைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துப் பின்னால் நீட்டினார்.

அபிதோஸில் முதலாம் செத்தியின் கோயில். எகிப்திலேயே இத்தனை நுணுக்கமான புடைப்புச் சிற்பம் நான் வேறெங்கும் பார்க்கவில்லை. அரசனின் விரல் நகம்கூட மெத்தென்று தெரிகிறது, பல இடங்களில் வண்ணம் அப்படியே. உள்ளே ஒரு நடைபாதைச் சுவரில் புகழ்பெற்ற அரசர் பட்டியல்: முதல் அரசன் மெனியில் தொடங்கிச் செத்தி வரை 76 பெயர்கள். சிறுவனான இரண்டாம் ராம்செஸ் ஏட்டை விரித்துப் படிக்க, தந்தை தூபம் காட்டுகிறார்.

பிள்ளைகளுக்கு நான் எழுதிப்போட்ட பட்டியலின் தாய் இதுதான். ஹத்ஷெப்சுத் இதில் இல்லை. ஒரே கடவுளைப் பிடித்துக்கொண்ட அகெனாதென் இல்லை, தூத்தன்காமனும் இல்லை. வேண்டாதவர்களை விட்டுவிட்டே எழுதியிருக்கிறார்கள். இன்னொன்றையும் இங்கே நின்றுதான் உணர்ந்தேன். இது வரலாற்றுக்காக எழுதிய பட்டியல் அன்று, படையல் பட்டியல். ஒவ்வொரு முன்னோருக்கும் ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர் என்று படைக்கும் சுவர். பெயர் சுவரில் இருந்தால் ரொட்டி கிடைக்கும். பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டால் அந்த உயிர் மறுமையில் பட்டினி. ஹத்ஷெப்சுத்தின் பெயரை அழித்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

ஜனவரி 16, வெள்ளி. அரசர்களின் பள்ளத்தாக்கு

60-க்கும் மேற்பட்ட கல்லறைகள். சுற்றிலும் புல் முளைக்காத மஞ்சள் மலை. பகலில் வெயில் ஏறி, சால்வையை முதல்முறையாக மடித்துப் பையில் வைத்தேன். கூட்டத்தில் நசுங்கினோம். தூத்தன்காமனின் அறை, 1922 நவம்பரில் ஹாவர்ட் கார்ட்டர் கண்டது, நான் நினைத்ததைவிடச் சிறியது. அவன் இன்னும் அங்கேயே படுத்திருக்கிறான்.

மூன்றாம் ராம்செஸின் கல்லறைக்காகத்தான் நான் காத்திருந்தேன். சுரங்கம் நேராகப் போய், ஓரிடத்தில் சட்டென்று வலப்புறம் ஒதுங்கி மறுபடி நேராகிறது. குடைந்துகொண்டு போனவர்கள் பக்கத்துக் கல்லறைக்குள் உடைத்துக்கொண்டு நுழைந்துவிட, திசையை மாற்றியிருக்கிறார்கள். தம்பிக்கு அது பெரும் ஆறுதலாக இருந்தது. அவன் வேலைத்தளத்திலும் இது நடக்கிறதாம்.

முன்பகுதியில் இருபுறமும் சிற்றறைகள். ஒன்றில் அரசரின் ரொட்டிக்கூடம் தீட்டியிருந்தார்கள்: இருவர் நீண்ட கழிகளை ஊன்றிக்கொண்டு காலால் மாவை மிதிக்கிறார்கள், ஒருவர் மாட்டு வடிவத்தில் ரொட்டி செய்கிறார். 19-ஆம் நூற்றாண்டில் பிரதி எடுத்த படத்தில் இதையெல்லாம் தெளிவாகப் பார்த்திருக்கிறேன். இன்று சுவர் மிகவும் சிதைந்து, கம்பித் தடுப்புக்கு அப்பால் இருண்டு கிடக்கிறது. மிஞ்சியிருந்த வண்ணத் திட்டுகளை உற்று உற்றுப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 17, சனி. தெய்ர் எல் மதீனா, மதீனத் ஹாபு

காலையில் கொடுமையான குளிர். வானில் பலூன்கள். கூட்டமெல்லாம் பள்ளத்தாக்குக்குப் போக, இங்கே நாங்களும் ஒரு ஜெர்மானியத் தம்பதியும்தான்.

அரச கல்லறைகளைக் குடைந்தவர்களும் தீட்டியவர்களும் வாழ்ந்த ஊர் இது. அவர்கள் வைத்த பெயர் உண்மையின் இடம். இரு குன்றுகளுக்கு நடுவே, மதிலுக்குள் சுமார் 68 வீடுகள். ஒவ்வொரு வீடும் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு அறை, நடுவில் ஒரே தெரு. இன்று முழங்கால் முதல் மார்பு வரைதான் சுவர் நிற்கிறது. கிணறு இல்லாத மேடு. தண்ணீர் கழுதைமேல் வந்தது. தானியமும் மீனும் காய்கறியும் அப்படியே. பத்து நாள் சேர்ந்தது ஒரு வாரம். வாரம் முழுவதும் மலைக்கு மேல் குடிசைகளில் தங்கி வேலை செய்துவிட்டு, விடுமுறைக்கு இறங்கி வருவார்கள்.

ஊருக்கு வடக்கே ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர் பெர்னார் புருயேர் அகழ்ந்தபோது அதிலிருந்து எழுத்துள்ள கல் சில்லுகளும் ஓட்டுச் சில்லுகளும் ஆயிரக்கணக்கில் வந்தன. கடன் கணக்கு, சலவைக் கணக்கு, காதல் பாட்டு, கழுதை வாடகைத் தகராறு. இரண்டாம் ராம்செஸின் 40-ஆம் ஆண்டு விடுப்புக் கணக்கு ஒன்று லண்டனில் இருக்கிறது. இன்னாருக்குத் தேள் கடித்தது, இன்னார் பீர் காய்ச்சப் போனார், இன்னாருக்குக் கண் நோய், இன்னார் வீட்டில் இறப்பு. தம்பி இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இது என் தளத்து வருகைப் பதிவேடு, அக்கா. தேள் கடிகூட இருக்கிறது" என்றான்.

கூலி, தானியம்தான். சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் நான்கு சாக்கு கோதுமை ரொட்டிக்கு, ஒன்றரைச் சாக்கு வாற்கோதுமை பீருக்கு. சாக்கு ஒன்று சுமார் 77 லிட்டர்.

மூன்றாம் ராம்செஸின் 29-ஆம் ஆண்டில், கி.மு. 1157-ஐ ஒட்டி, அது வரவில்லை. மாதத்தில் 18 நாள் ஓடிவிட்டது, பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டு மொத்தக் குழுவும் காவல் மதில்களைக் கடந்து இறங்கி, மூன்றாம் தூத்மோஸின் கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. எழுத்தர் அமென்னக்தே இதைக் குறித்து வைத்திருக்கிறார். மறுநாள் இரண்டாம் ராம்செஸின் கோயிலுக்குப் போனார்கள். "பசியும் தாகமும் எங்களை இங்கே துரத்திவந்தன. துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை. அரசருக்கு எழுதுங்கள், அமைச்சருக்கும் எழுதுங்கள்" என்றார்கள். முந்தைய மாதத்துப் பாக்கி அதன்பிறகே கிடைத்தது. உலகில் எழுத்தில் பதிவான வேலைநிறுத்தங்களில் இதற்கு முந்தையது நமக்குக் கிடைக்கவில்லை. அந்த ஏடு இத்தாலியின் தூரின் நகரில் இருக்கிறது. அவர்கள் உட்கார்ந்த மண் இங்கே இருக்கிறது.

நேற்று பார்த்த கல்லறையைக் குடைந்தது இவர்கள் குழுதான். அரசரின் ரொட்டிக்கூடத்தைச் சுவரில் தீட்டிய ஊருக்கு, ரொட்டிக்குக் கோதுமை வரவில்லை. சிதைந்த அந்தச் சுவரை எண்ணியபடி ஒரு வீட்டு வாசற்கல்லில் உட்கார்ந்துவிட்டேன். நினைவுக்கு வந்தது அபிதோஸ் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு வாய் திறக்காமல் இருந்த ஓட்டுநரின் முகம். "சம்பளம் தள்ளிப்போனால் ஆட்கள் முதலில் குறைப்பது சாப்பாட்டைத்தான்" என்றான் தம்பி. அவன் தளத்தில் பார்த்திருக்கிறான்.

ஊரை ஒட்டிய சரிவில் தொழிலாளர்கள் தங்களுக்காகக் குடைந்த கல்லறைகள். சென்னெஜெம் என்ற தொழிலாளியின் அறைக்குச் செங்குத்தான படிகளில் குனிந்து இறங்க வேண்டும். உள்ளே நிமிர்ந்தபோது வாயடைத்துவிட்டது. பொன்மஞ்சள் சுவர், நேற்று உலர்ந்ததுபோல வண்ணம். எதிர்ச் சுவரில் அவனுடைய மறுமை: வாய்க்கால்கள் சூழ்ந்த வயல். வெள்ளைத் துணி உடுத்தி அவன் ஏர் ஓட்டுகிறான், மனைவி ஈநெஃபெர்தி பின்னால் விதைக்கிறாள். மேல் வரிசையில் அவன் அரிவாளால் கதிர் அறுக்க, அவள் கூடையோடு தொடர்கிறாள். ஆள் உயரக் கோதுமை. ஆயுள் முழுவதும் அரசர்களுக்குச் சூரியப் படகும் நாகங்களும் வரைந்தவனுக்குத் தன் சுவரில் வேண்டியிருந்தது ஒரு சொந்த வயல். காவலர் விளக்கைத் தூக்கிப் பிடித்துக் கதிர்களை மட்டும் காட்டினார், நான் எதைப் பார்க்கிறேன் என்று தெரிந்தவரைப் போல.

அங்கிருந்து மதீனத் ஹாபுவுக்கு நடந்தே போனோம், இருபது நிமிடம். மூன்றாம் ராம்செஸின் கோயில். கடல் வழியே வந்த பகைவர்களை ஆட்சியின் 8-ஆம் ஆண்டில் வென்ற காட்சிகள் வடக்குச் சுவரில். வெட்டிய கைகளைக் குவித்து எண்ணுகிறார்கள், அதையும் ஓர் எழுத்தர் குறிக்கிறார். தெற்கு வெளிச்சுவர் நெடுக, எந்தத் திருவிழாவுக்கு எத்தனை ரொட்டி, எத்தனை குடம் பீர், எத்தனை சாக்கு தானியம் என்று படையல் நாட்காட்டி. வரிசை வரிசையாக எண்கள். எனக்கு அந்த எழுத்து தெரியாது, எண்களை மட்டும் கொஞ்சம் தெரியும்: கோடு என்றால் ஒன்று, வளைவு என்றால் பத்து, சுருள் என்றால் நூறு. விரலால் காற்றில் தொட்டு எண்ணிக்கொண்டே நடந்தேன். சுவர் முடியவில்லை, என் கால்கள் ஓய்ந்துவிட்டன.

திரும்பும் வழியில் மெம்னோன் சிலைகளைச் சுற்றி வயல்களில் கோதுமை முழங்கால் அளவு பச்சையாக நின்றது. நவம்பரில் விதைத்தது, ஏப்ரலில் அறுப்பார்கள்.

ஜனவரி 18, ஞாயிறு. லக்சர், கெய்ரோ வழியாக வீடு

விடியும் முன்பே வீட்டு அம்மாள் மாவு பிசைந்துவிட்டார். இந்தப் பக்கத்து ரொட்டிக்கு ஐஷ் ஷம்ஸி என்று பெயர், வெயில் ரொட்டி. வட்டமான மண் தட்டுகளில் மாவுருண்டைகளை வைத்து முற்றத்து வெயிலில் வரிசையாகப் பரப்பினார். மாவு உப்பும் வரை காத்திருக்க வேண்டும். நானும் அவரும் சுவரோரம் உட்கார்ந்து காத்திருந்தோம். கோழி கிட்டே வந்தால் அவர் ஒரு பக்கம் விரட்டினார், நான் ஒரு பக்கம். மாவு எழும்பியதும் ஓரங்களைக் கத்தியால் கீறி, மண் அடுப்புக்குள் தள்ளினார். வெந்து வந்தபோது ஓரமெல்லாம் சிறு கொம்புகளாக விரிந்திருந்தது.

கூடுதலாக எவ்வளவு தரட்டும் என்று தம்பி கேட்டான். அவர் அவன் வயிற்றைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார், பணம் வாங்கவில்லை. நான்கு ரொட்டிகளைத் துணியில் சுற்றித் தந்தார்.

இரண்டை விமான நிலையம் போகும் வழியில் ஓட்டுநரோடு சேர்ந்து சாப்பிட்டோம், உப்பும் வெங்காயமும் வைத்து. முகவர் பணம் அனுப்பிவிட்டாரா என்று கேட்டேன். இல்லை என்றார். கெய்ரோவில் தம்பிக்குக் குவைத் விமானம் முதலில். மிச்சமிருந்த இரண்டில் ஒன்றை அவன் பையில் வைத்தேன். மற்றொன்று என்னோடு சென்னைக்கு வந்தது. இறங்கியபோது கல்லாக இறுகியிருந்தது. பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டேன்.